அடியின் அளவும் ஓட்டத்தின் விரைவும்

அளத்தலுக்கும் அடிக்கும் உள்ள உறவு தமிழர்க்கு மிகப் பழையது. மனிதனின் பாதம் அடி. மரத்தின் வேரையொட்டிய பகுதி அடி. பன்னிரண்டு அங்குலம் கொண்ட நீளம் அடி. சீர்கள் தொடர்ந்து அமைவதும் அடி. குறள் உருவில் வந்து மூவடி மண் கேட்டவன், அளக்கத் தொடங்கியபொழுது நெடிதுயர்ந்து நின்றான் எனப் புராணம் கூறுகிறது. சிறிய அடி சிறிய தொலைவையே அளக்கும். பெருந்தொலைவை அளக்கப் பெரிய அடியே வேண்டும் என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு அக்கதையே சான்றாகும்.

அவ்வெண்ணம் இன்றும் மறையவில்லை. பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு மாணவரைத் தெரிவு செய்யும் வேளையில், நெட்டையான பிள்ளையின் மீதும் அகன்ற பாதத்தின் மீதும் கண் முதலில் செல்கிறது. "கால் பெரிது, நன்றாக ஓடுவான்" என்னும் சொல் திடலோரத்தில் எளிதாகப் பிறக்கிறது. சிறிய பாதமுடைய பிள்ளை ஓடிக் காட்டுவதற்கு முன்பே ஒதுக்கப்படுகின்றது. பாதத்தின் அளவு ஓட்டத்தின் விரைவைத் தீர்மானிக்கின்றதா? தப்படியின் நீளம் அடியின் நீளத்தால் அமைகின்றதா? நம் நாட்டு ஓட்ட வரலாற்றையும் உலக வரலாற்றையும் அறிவியல் ஆய்வுகளையும் துணைகொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண்பது பயனுடையது.

முதலில் ஒரு கணக்கை நினைவிற்கொள்ள வேண்டும். ஓட்டத்தின் விரைவு என்பது இரண்டு அளவுகளின் பெருக்கம். ஒரு தப்படியில் கடக்கும் தொலைவு ஒன்று. ஒரு நொடியில் வைக்கும் தப்படிகளின் எண்ணிக்கை மற்றொன்று. இவ்விரண்டில் ஒன்று கூடி மற்றொன்று குறைந்தால் பயனில்லை. நெடிலடியால் அமைந்த பாட்டு என்பதனாலேயே அது குறளடியால் அமைந்த பாட்டினும் சிறந்ததாகிவிடாது. ஓட்டமும் அத்தகையதே. நீளமும் கதியும் ஒன்றோடொன்று இயைந்து நிற்கும்பொழுதுதான் விரைவு பிறக்கிறது.

இனி, பாதத்தின் பங்கை எளிய கணக்கால் பார்ப்போம். நம் கடைகளில் வழங்கும் ஆங்கிலக் காலணி அளவுமுறை, பழைய வாற்கோதுமை மணியின் நீளத்தை அடிப்படையாகக் கொண்டது. ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் உள்ள வேறுபாடு ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர். நூறு மீட்டர் தொலைவை ஒருவர் 45 தப்படிகளில் ஓடுகிறார் எனக் கொள்வோம். ஓரளவு பெரிய பாதம், ஒவ்வொரு தப்படியிலும் அந்த 8.5 மில்லிமீட்டரை முழுமையாகக் கூட்டித் தருவதாகவே வைத்துக்கொண்டாலும், மொத்த ஆதாயம் 38 சென்டிமீட்டரே. உண்மையில் அதுவும் கிட்டுவதில்லை. விரைந்து ஓடுகையில் தப்படியின் பெரும்பகுதி, இரு கால்களும் நிலத்தைத் தொடாமல் உடல் காற்றில் செல்லும் பகுதியாகும். பாதத்தின் நீளத்தை நிலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைத்து எவரும் ஓடுவதில்லை.

அப்படியானால், பெரிய பாதமுடையவர் முந்துவதைப் பலரும் கண்ணால் கண்டிருக்கிறார்களே என்று கேட்கலாம். கண்டது மெய்தான், காரணம் வேறு. பாதத்தின் நீளம் பொதுவாக உடலின் உயரத்தில் நூற்றுக்கு 15 பங்கு அளவாக அமைகிறது. ஆகவே பாதம் பெரிதாக இருப்பவர் பெரும்பாலும் உயரமானவர். உயரமானவருக்குக் கால் நீளம். கால் நீண்டால் தப்படியும் நீள்வது இயல்பு. பாதம் அங்கே உயரத்தின் அடையாளமாக நிற்கிறதேயன்றி விரைவின் காரணமாக நிற்கவில்லை.

பள்ளிப் பருவத்தில் இம்மயக்கம் இன்னும் பெருகுகிறது. வளரிளம் பருவத்தில் உடலின் உயரம் முழுமை பெறுவதற்கு முன்பே பாதம் தன் முழு வளர்ச்சியை எட்டிவிடுகிறது. பன்னிரண்டு வயதில் பெரிய பாதம் உடைய பிள்ளை, பல வேளைகளில் தன் ஒத்த வயதினரைவிட முன்னதாகவே வளர்ச்சிப் பருவத்துள் நுழைந்த பிள்ளையாகும். அப்பிள்ளையின் தசையும் வலிமையும் முன்னதாகவே கூடியிருக்கும். ஆண்டு விழாவில் அப்பிள்ளை வெல்வதில் வியப்பில்லை. அவ்வெற்றியைப் பாதத்தின் வெற்றியாகக் கணக்கிடுவதுதான் பிழை. மூன்று நான்கு ஆண்டுகள் கழிந்து, பின்தங்கி வளர்ந்த பிள்ளைகளும் அதே உயரத்தை எட்டும்பொழுது வரிசை மாறிவிடலாம். ஆனால், பன்னிரண்டு வயதில் ஒதுக்கப்பட்ட பிள்ளை அதற்குள் திடலை விட்டே போயிருக்கும்.

இக்கருத்தை நம் நாட்டின் வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் 1943ஆம் ஆண்டு பிறந்தவர் மணி ஜெகதீசன். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் மலாயாவின் சார்பில் ஓடியபொழுது அவருக்கு வயது 16. பின்னர்ச் சிங்கப்பூரில் மருத்துவம் பயின்றுகொண்டே ஓட்டத்தையும் விடாது தொடர்ந்தார். 1962ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதியை எட்டினார். 1966ஆம் ஆண்டு பேங்காக் ஆசியப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் அவர் வசமாயிற்று. 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் மீண்டும் 200 மீட்டர் அரையிறுதிக்குச் சென்றார். அங்கு அவர் பதித்த 20.92 நொடி என்னும் தேசியச் சாதனை 49 ஆண்டுகள் நிலைத்து நின்றது. 2017ஆம் ஆண்டில்தான் கைருல் ஹபிஸ் ஜந்தான் 20.90 நொடியில் ஓடி அதனை முறியடித்தார். 'பறக்கும் மருத்துவர்' எனப் பாராட்டப்பெற்ற ஜெகதீசன், பிற்காலத்தில் டான் ஸ்ரீ விருது பெற்று, நாட்டின் மருத்துவ ஆய்வுத் துறையிலும் தலைமைப் பொறுப்பு வகித்தார்.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பதினாறு வயதுக்குப்பின் ஆடவரின் பாதம் பெரிதும் வளர்வதில்லை. ரோமாபுரிக்குச் சென்ற அதே பாதங்கள்தாம் மெக்சிகோவுக்கும் சென்றன எனலாம். இடைப்பட்ட எட்டாண்டுகளில் மாறியவை வேறு. இடையறாப் பயிற்சியால் தசை வலிமை பெருகியது. உலகின் முன்னணி வீரரோடு ஓடிய பட்டறிவு சேர்ந்தது. நிலமும் மாறியது. தோக்கியோவே கரித்தூள் ஓடுபாதையில் நடந்த இறுதி ஒலிம்பிக். மெக்சிகோவில் முதன்முறையாக ஒலிம்பிக் ஓட்டங்கள் செயற்கைத் தளத்தில் நடைபெற்றன. கால் மிதித்தவுடன் உள்வாங்கிச் சிதறும் கரித்தூளுக்கும், மிதித்த விசையை உறுதியாகத் தாங்கித் திருப்பித் தரும் தளத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிது. மேலும், மெக்சிகோ நகரம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது; அங்குக் காற்றின் அடர்த்தி குறைவாதலால் விரைவோட்டக்காரருக்கு எதிர்ப்பும் குறைவு. பயிற்சி, நிலம், காற்று ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒரு சாதனையை ஆக்குகின்றன.

அதே 1966ஆம் ஆண்டு பேங்காக்கில் எம். இராஜாமணி பெண்கள் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அவ்வாண்டு நம் நாட்டில் தேசிய விளையாட்டு விருது தொடங்கப்பெற்றபொழுது, முதல் சிறந்த விளையாட்டு வீரராக ஜெகதீசனும், முதல் சிறந்த வீராங்கனையாக இராஜாமணியும் தெரிவு செய்யப்பெற்றனர். ஒரே ஆண்டில் இரண்டு சிறப்புகளும் தமிழர் இருவரைச் சேர்ந்தன. ஆணின் பாதத்தைவிடப் பெண்ணின் பாதம் சராசரியில் சிறியது. ஆயினும் ஆசியாவின் முதன்மையை எட்ட அது தடையாகவில்லை. அவரவர் களத்தில் அவரவர் உழைப்பே பேசிற்று.

ஜெகதீசன் முதலில் பங்கேற்ற அந்த ரோம் ஒலிம்பிக்கில்தான் பாதத்தின் வரலாற்றில் மறக்கவியலாத நிகழ்ச்சி ஒன்று நடந்தது. எத்தியோப்பிய வீரர் அபேபே பிக்கிலா, தம் பாதத்துக்குப் பொருந்தும் காலணி கிடைக்காமையால், வெறுங்காலோடு மாரத்தான் ஓடினார். 2 மணி 15 நிமிடம் 16 நொடியில் இலக்கை அடைந்து தங்கம் வென்றார். அஃது அந்நாளைய உலகச் சாதனையும் ஆயிற்று. வெறுங்காலே ஓட்டத்துக்கு ஏற்றது எனப் பலர் முடிவு கட்டினர். நான்கு ஆண்டுகளுக்குப்பின் தோக்கியோவில் அதே பிக்கிலா காலணி அணிந்து ஓடினார். குடல்வால் அறுவை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்த நிலையிலும் 2 மணி 12 நிமிடம் 11 நொடியில் மீண்டும் தங்கம் வென்று, மீண்டும் உலகச் சாதனை படைத்தார். பாதம் ஒன்றே, காலணி இல்லாமலும் வென்றது, காலணியோடும் வென்றது. பொருந்தாத காலணியை அணிவதினும் அணியாமை மேல். பொருந்திய காலணி கிடைப்பின் அது துணை. இதுவே அவ்விரு ஓட்டங்களும் புகட்டும் பாடம்.

அறிவியலாரும் இத்துறையை ஆழ்ந்து ஆராய்ந்துள்ளனர். 2000ஆம் ஆண்டில் பீட்டர் வெயண்ட் என்பவரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. விரைந்து ஓடுபவர் காலை மிக வேகமாக வீசுகிறார் என்றே பலரும் எண்ணியிருந்தனர். ஆனால், உச்ச வேகத்தில் காலை முன்னோக்கி வீசுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம், விரைவாக ஓடுபவர்க்கும் மெதுவாக ஓடுபவர்க்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வேறுபாடு நிலத்தை மிதிக்கும் விசையில் இருந்தது. சிறந்த ஓட்டக்காரரின் பாதம் நிலத்தில் தங்குவது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே. அந்தக் கண நேரத்துக்குள் தம் உடல் எடையைப் போல் பன்மடங்கு விசையை நிலத்தின்மேல் செலுத்த வல்லவரே முந்துகிறார். விரைவின் ஊற்று இடுப்பிலும் தொடையிலும் கெண்டைக்காலிலும் உள்ளது. அவ்விசையை நிலத்துக்குக் கொண்டுசேர்க்கும் வாயிலாகப் பாதம் அமைகிறது.

வாயிலின் அமைப்புக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறுத்தல் கூடாது. 2009ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர், விரைவோட்டக்காரர் பன்னிருவரையும் ஏறத்தாழ அதே உயரமுடைய பிறர் பன்னிருவரையும் ஒப்பிட்டனர். உயரம் ஒத்திருந்தமையால் உயரத்தின் விளைவு இங்குக் குறுக்கிடவில்லை. விரைவோட்டக்காரரின் கால்விரல்கள் சற்று நீண்டிருந்தன. குதிகால் நரம்பு கணுக்காலை இயக்கும் நெம்புகோலின் நீளமோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. மிதிவண்டியில் பற்சக்கரம் மாறினால் மிதிக்கும் விசையும் ஓடும் வேகமும் மாறுவது போன்ற ஏற்பாடு அது. அவ்வமைப்பு பிறவியிலேயே வந்ததா, பயிற்சியால் வந்ததா என்பதை அவ்வாய்வு முடிவு செய்யவில்லை. ஆயினும் ஓர் உண்மை தெளிவாயிற்று. பாதத்தின் முழு நீளத்தை அளக்கும் காலணிக்கடை அளவுகோலால் இவ்வமைப்பை அறிய முடியாது. ஒரே அளவுக் காலணி அணியும் இருவரில் ஒருவருக்கு விரல் நீண்டும், மற்றொருவருக்குக் குதிகால் நீண்டும் இருக்கலாம்.

அதே ஆண்டில் வெளிவந்த வேறோர் ஆய்வு, மனித இனத்தின் கால்விரல்கள் குறுகியதன் காரணத்தை ஆராய்ந்தது. விரல் நீளம் கூடக்கூட, ஓடும்பொழுது அவ்விரலை நிலைநிறுத்தத் தசைகள் செய்ய வேண்டிய வேலை பெருமளவு கூடுகிறது என அது காட்டிற்று. நெடுந்தொலைவு ஓடுபவருக்கு அது சுமையாகும். காலின் நுனியில் கூடும் எடையும் அத்தகையதே. ஒவ்வொரு காலணியிலும் 100 கிராம் எடை கூடினால், ஓடுவதற்குச் செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு கூடுகிறது என ஆய்வுகள் கண்டுள்ளன. ஆகவே, குறுந்தொலைவுக்குத் துணைசெய்யும் அமைப்பே நெடுந்தொலைவுக்குத் தடையாகவும் ஆகலாம். 'ஓட்டத்துக்கு ஏற்ற பாதம்' என்று ஒன்றைத் தனித்துச் சுட்ட இயலாது.

உலக அரங்கின் இரு எடுத்துக்காட்டுகள் இதனை விளக்கும். 2009ஆம் ஆண்டு பெர்லினில் 9.58 நொடியில் 100 மீட்டரைக் கடந்த உசேன் போல்ட் 1.95 மீட்டர் உயரமுடையவர். ஏறத்தாழ 41 தப்படிகளில் அத்தொலைவை முடித்தார். ஒரு தப்படியின் சராசரி நீளம் 2.44 மீட்டர். அவர் பாதமும் பெரிது. அதனைக் கண்டு உயரமும் பெரும்பாதமும் இன்றி வெல்ல இயலாது எனப் பலரும் கருதினர். ஆனால், 2021ஆம் ஆண்டு நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் சீன வீரர் சூ பிங்தியன் 9.83 நொடியில் ஓடி ஆசியச் சாதனை படைத்தார். அவர் உயரம் 1.72 மீட்டரே. போல்ட்டினும் 23 சென்டிமீட்டர் குட்டையானவர், கால் நொடி இடைவெளியில் நின்றார். நீளத்தில் குறைந்ததைக் கதியால் ஈடுசெய்தார்.

பெரும்பாதம் நேரடியாகப் பயன்தரும் களம் ஒன்று உண்டெனில், அது நீர். ஆஸ்திரேலிய நீச்சல் வீரர் இயன் தோர்ப், 17ஆம் அளவுப் பாதத்துக்குப் பெயர் பெற்றவர். நீரில் பாதம் துடுப்பாகிறது. துடுப்பின் பரப்புக் கூடினால் தள்ளும் நீரும் கூடும். நிலம் நீரைப்போல் நெகிழ்ந்து கொடுப்பதில்லை. உறுதியான நிலத்தை உந்துவதற்குப் பரப்பைவிட விசையே முதன்மை.

பாதத்தின் கதையில் மனத்தை நெகிழ்விக்கும் பகுதி ஒன்று அண்மைக் காலத்தது. மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்தைச் சேர்ந்த சுவப்னா பர்மன் என்னும் பெண்ணுக்கு ஒவ்வொரு பாதத்திலும் ஆறு விரல்கள். கடையில் கிடைக்கும் காலணி எதுவும் அவருடைய அகன்ற பாதத்துக்குப் பொருந்தவில்லை. வலியைப் பொறுத்துக்கொண்டே பயின்றார். 2018ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசியப் போட்டியில், பல்வலிக்காகத் தாடையில் ஒட்டுத்துணியோடு, எழுபோட்டியில் களம் இறங்கினார். தடை தாண்டும் ஓட்டம், 200 மீட்டர், 800 மீட்டர் என மூன்று ஓட்டங்களை உள்ளடக்கிய அப்போட்டியில் 6,026 புள்ளிகள் பெற்றுத் தங்கம் வென்றார். வென்றபின் அவர் வேண்டியது தம் பாதத்துக்கு ஏற்ற காலணி. அதன்பின்னரே அவருக்கெனத் தனியே காலணி செய்து தரப்பெற்றது. வெற்றிக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டிய ஒன்று வெற்றிக்குப் பின் கிடைத்தது.

இங்குதான் நம் சிந்தனை நம் பள்ளிகளை நோக்கித் திரும்ப வேண்டும். பினாங்கு மாநிலம் காலணிக் கலைக்கு உலகப்புகழ் பெற்ற ஜிம்மி சூவைத் தந்த மண். ஜார்ஜ் டவுனில் காலணி செய்பவரின் மகனாய்ப் பிறந்த அவர், ஒவ்வொரு பாதத்தையும் தனித்தனியே நோக்கும் கைத்தொழிலைத் தந்தையிடம் கற்றவர். அந்நகருக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் அமைந்த பாகான் டாலாம் போன்ற உழைப்பாளர் குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு அத்தகைய காலணி எட்டாக்கனி. வளர்கின்ற பிள்ளைக்கு ஆண்டுதோறும் காலணி வாங்க இயலாத பெற்றோர், ஓரிரண்டு அளவு பெரிதாகவே வாங்கித் தருகின்றனர். அது குற்றமன்று; வருவாயின் அளவு அது. ஆயின் அக்காலணியோடு ஓடும் பிள்ளையின் குதிகால் வழுக்குகிறது. நிலத்துக்குச் செல்ல வேண்டிய விசை காலணிக்குள்ளேயே வீணாகிறது. அப்பிள்ளை பின்தங்கும்பொழுது, 'கால் சிறிது' என்று தீர்ப்புக் கூறுவது அறமாகாது.

ஆசிரியப் பெருமக்கள் செய்யத்தக்கவை சில உள. பன்னிரண்டு வயதில் ஒரு நாள் ஓட்டத்தைக் கண்டு பிள்ளையின் திறனை முடிவு செய்யாதிருத்தல் முதலாவது. ஓடும் முறையையும், நிலத்தை உறுதியாக உந்தும் பழக்கத்தையும் அனைவருக்கும் கற்பித்தல் இரண்டாவது. காலணி பாதத்துக்குப் பொருந்துகின்றதா எனக் குனிந்து பார்த்தல் மூன்றாவது. ஓட்டப்பந்தயத்துக்கெனச் சில இணைக் காலணிகளைப் பல அளவுகளில் பள்ளியிலேயே வைத்திருந்தால், ஆண்டுதோறும் பல பிள்ளைகள் பயன் பெறுவர். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை.

கோலகங்சாரில் பிறந்த சிறுவன் ஒருவன் மூன்று ஒலிம்பிக் களங்களைக் கண்டதும், தமிழ்ப்பெண் ஒருத்தி ஆசியாவின் முதன்மை ஓட்டக்காரியானதும் இந்நாட்டில் நடந்தவை. பாதத்தின் அளவு பிறப்போடு வருவது. அதனை எவரும் மாற்ற இயலாது. பயிற்சியும் நிலமும் பொருந்திய காலணியும் வாய்ப்பும் பெரியோர் தரக்கூடியவை. அவை உரிய காலத்தில் கிடைக்குமாயின், இன்று பள்ளித் திடலின் கடைசி வரிசையில் நிற்கும் சிற்றடிகளும் நெடுந்தொலைவை அளக்கும்.